கடவுளை நம்புவதும் கடவுளை நம்பி இருப்பதும்

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "டீச்சர், பரீட்சைக்கு முன்னாடி அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய் மெழுகுவத்தி வச்சேன். கணக்குல போயிடுச்சு. நான் சரியா நம்பலையா, இல்ல அவரு சரியா கேக்கலையா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. இதே கேள்வியைப் பெரியவர்கள் துக்க வீட்டில் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். "அவ்வளவு நம்பினோமே, ஏன் இப்படி ஆச்சு?" என்பார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர் "இன்னும் கொஞ்சம் நம்பிக்கையோட செபிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போவார். இழவு வீட்டில் சொல்லக்கூடிய கொடுமையான வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

பையன் கேள்விக்கும் அந்த ஆறுதலுக்கும் அடியில் ஒரே கணக்குதான் ஓடுகிறது. நம்பிக்கை நாம் போடும் காசு, வரம் கடையில் கிடைக்கும் பண்டம். பண்டம் வரவில்லையா, அப்படியென்றால் காசு குறைந்திருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை சொல்லித் தரும் நம்பிக்கை இது இல்லை. அது எப்படிப்பட்டது என்பதை, இறையியல் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி அடியிலிருந்து பார்ப்போம்.

## ஒரே சொல், மூன்று பொருள்

குழப்பத்தில் பாதி சொல்லிலேயே இருக்கிறது. என் பாட்டி காலத்து ஞானோபதேசப் புத்தகத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்று புண்ணியங்கள் உண்டு. கடவுள் வெளிப்படுத்தியதை உண்மையென்று ஏற்பது விசுவாசம். அவர் வாக்களித்ததைத் தருவார் என்று காத்திருப்பது நம்பிக்கை. 1995இல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வந்தது. அதில் பழைய விசுவாசம் 'நம்பிக்கை' ஆயிற்று. பழைய நம்பிக்கை 'எதிர்நோக்கு' ஆயிற்று. 2025 யூபிலி ஆண்டில் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பதாகைகளில் படித்தோமே, அது பாட்டி சொன்ன நம்பிக்கைதான்.

கோவிலுக்கு வெளியே மூன்றாவது பொருள் ஒன்று இருக்கிறது. "இந்த மேட்ச் ஜெயிச்சிடுவோம்னு நம்பிக்கை இருக்கு" என்கிறோம். இது நல்ல ஊகம், அவ்வளவுதான். ஆக, சாமியார் பிரசங்கத்தில் 'நம்பிக்கை' என்று ஒரு பொருளில் சொல்கிறார், முன்வரிசைப் பாட்டி இன்னொரு பொருளில் கேட்கிறார், பின்வரிசைப் பேரன் மூன்றாவதாக ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்.

பழைய செபப் புத்தகங்களில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. காலை மாலை சொல்லும் அந்தச் சிறு செபங்களுக்கு 'விசுவாச முயற்சி', 'நம்பிக்கை முயற்சி' என்றுதான் பெயர். இலத்தீனில் 'செயல்' என்று பொருள்படும் சொல்லை யாரோ ஒரு பழைய மொழிபெயர்ப்பாளர் 'முயற்சி' என்று ஆக்கியிருக்கிறார். அருமையான தேர்வு. நம்புவது தானாக வரும் உணர்ச்சி இல்லை, மனிதர் செய்கிற ஒன்று என்பது பெயரிலேயே வந்துவிட்டது.

இதுவரை பார்த்தது: 'நம்பிக்கை' என்ற சொல் கடவுள் சொன்னதை ஏற்பது, அவர் வாக்குக்காகக் காத்திருப்பது, நல்லது நடக்கும் என்று ஊகிப்பது ஆகிய மூன்றுக்கும் ஓடுகிறது. மூன்றாவது, கத்தோலிக்க நம்பிக்கையில் சேராது.

## மழையை நம்பி விதைப்பவர்

இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தமிழிலேயே வழி இருக்கிறது. "மழை வரும்னு நம்புறேன்" என்று டவுனில் மாடியில் உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்லலாம். "மழையை நம்பி விதைச்சிருக்கேன்" என்று சொல்பவர் வேறு. அவருடைய விதை மண்ணுக்குள் போய்விட்டது. மணப்பாடு, உவரி மாதிரியான கரையோர ஊர்களில் "கடலை நம்பித்தான் இருக்கோம்" என்பார்கள். தினமும் மீன் படும் என்று அதற்குப் பொருள் இல்லை. வெறும் வலையோடு திரும்பிய நாளிலும் அவர்கள் அந்த வாக்கியத்தை வாபஸ் வாங்குவதில்லை. அது கடலைப் பற்றிய ஊகம் இல்லை, வாழ்க்கையை எங்கே சாய்த்து வைத்திருக்கிறோம் என்பது.

13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தோமா அக்குவினா, தனக்கு முந்திய புனித அகுஸ்தினாரின் பேச்சை ஒட்டி, இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். கடவுள் இருக்கிறார் என்று நம்புவது ஒன்று. கடவுள் சொல்வதால் அதை நம்புவது இன்னொன்று. கடவுளையே போய்ச் சேருமிடமாக வைத்து அவரை நோக்கி நகர்வது மூன்றாவது. முதல் வகை பேய்களுக்கும் உண்டு என்று யாக்கோபு திருமுகம் இரண்டாம் அதிகாரம் கொஞ்சம் குத்தலாகவே சொல்கிறது. நாம் ஞாயிறுதோறும் சொல்லும் நம்பிக்கை அறிக்கையின் இலத்தீன் வடிவில், தந்தை, மகன், தூய ஆவி என்று வரும் இடங்களில் 'உள்ளே, நோக்கி' என்ற பொருள் தரும் ஒரு சின்ன முன்னிடைச்சொல் இருக்கிறது. தமிழில் அதற்கு நேர்ச்சொல் இல்லை. ஆனால் 'நம்பி இருக்கிறேன்' என்பதில் அந்த ஈரம் இருக்கிறது.

உவமைக்கு ஓர் எல்லையும் உண்டு. மழைக்கும் கடலுக்கும் நம்மைத் தெரியாது. கிறிஸ்தவருக்குக் கடவுள் ஓர் ஆள், வாக்குக் கொடுத்தவர். "உங்க வார்த்தையை நம்பி வந்திருக்கேன்" என்று ஒருவரிடம் சொல்வதுபோலத்தான் இதுவும். அப்படியானால் அவர் கொடுத்த வார்த்தை என்ன என்று பார்க்க வேண்டாமா? மத்தேயு நற்செய்தியின் கடைசி வரி, உலக முடிவுவரை எந்நாளும் உங்களுடன் இருக்கிறேன் என்கிறது. மன்னிப்பு, உடனிருப்பு, சாவுக்குப் பிறகும் வாழ்வு: இவைதான் வாக்கு. கணக்குப் பரீட்சை அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அது கொடுத்த வாக்கு இல்லை, கேட்கும் விண்ணப்பம். இந்த இரண்டும் கலந்துபோகும் இடத்தில்தான் மனம் உடைகிறது.

சுருக்கமாக: நம்பி இருப்பது என்றால் ஒருவருடைய வாக்கின்மேல் வாழ்க்கையைச் சாய்ப்பது. வாக்கு எது, நம் விண்ணப்பம் எது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதிப் பாரம் இறங்கும்.

## பூசையில் எத்தனை ஆமென்

சரி, சாய்வது எப்படி? மனதுக்குள் இறுக்கிப் பிடித்து "நம்புறேன், நம்புறேன்" என்று சொல்லிக்கொள்வதா? கத்தோலிக்க மரபு இதை உடம்பிடமும் வாயிடமும் ஒப்படைத்திருக்கிறது. முட்டியிடுவது, சிலுவை வரைவது, சேர்ந்து பதில் சொல்வது எல்லாம் அந்த முயற்சியின் பயிற்சிதான்.

'ஆமென்' எபிரேயச் சொல். உறுதி, நிலையாக நிற்றல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. எபிரேயத்தில் நம்பிக்கைக்கான சொல்லும் அதே வேர்தான். 'அப்படியே ஆகட்டும்' என்று மட்டும் நாம் நினைக்கிறோம். 'இதன்மேல் நிற்கிறேன்' என்பதும் அதில் இருக்கிறது.

திருப்பலியின், அதாவது பூசையின், வரிசையைக் கவனியுங்கள். முதலில் இறைவாக்கைக் கேட்கிறோம். பிறகு நம்பிக்கை அறிக்கை. அதற்கும் பிறகுதான் பொது மன்றாட்டு, அதாவது 'எனக்கு இது வேண்டும்' என்ற பகுதி. கேட்பதற்கு முன்னால் யாரிடம் கேட்கிறோம் என்பது முடிவாகிவிடுகிறது. "இதயங்களை மேலே எழுப்புங்கள்" என்றதும் "ஆண்டவரிடம் எழுப்பியுள்ளோம்" என்கிறோம். நற்கருணைக்கு முன் "நான் தகுதியற்றவன், ஆனால் ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும்" என்கிறோம். கப்பர்நாகூமில் நோயுற்ற தன் பணியாளுக்காக இயேசுவிடம் வந்த நூற்றுவர் தலைவர் சொன்னதை ஒட்டிய வரி அது. அவர் கேட்டது ஒரு வார்த்தை, அவ்வளவுதான். கடைசியில் குரு "கிறிஸ்துவின் உடல்" என்று நீட்ட, நாம் "ஆமென்" என்கிறோம். வரிசையில் நகர்கிற அவசரத்தில் பலர் அதை முணுமுணுத்து விழுங்கிவிடுகிறார்கள். நானும்தான்.

"பூசைக்குப் போனேன், ஆனா மனசு ஒட்டவே இல்லை, பிரயோசனம் உண்டா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்லை விளக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இறையருளைத் தருவதற்குக் கிறிஸ்து ஏற்படுத்திய, கண்ணுக்குத் தெரியும் அடையாளம்தான் அருளடையாளம். திருமுழுக்கு, நற்கருணை, ஒப்புரவு என்று மொத்தம் ஏழு. பழையவர்கள் 'தேவதிரவிய அனுமானம்' என்பார்கள்.

இது வேலை செய்யும் விதத்துக்கு மணியார்டர் நல்ல உவமை. பணம் அனுப்பியவர் ஒருவர், கொண்டுவருபவர் தபால்காரர். தபால்காரர் நல்லவரா, அன்று சிடுசிடுவென்று இருந்தாரா என்பதைப் பொறுத்துத் தொகை கூடாது, குறையாது. அதேபோல அருளடையாளத்தின் வலிமை குருவின் புனிதத்தைச் சார்ந்ததும் இல்லை, நம் உணர்ச்சியின் சூட்டைச் சார்ந்ததும் இல்லை, கிறிஸ்துவைச் சார்ந்தது. 1547இல் திரிதெந்து பொதுச்சங்கம், அதாவது ஆயர்கள் கூடிய திருச்சபை மாநாடு, இதை உறுதியாகச் சொன்னது. ஆனால் வாங்குபவர் கதவைத் திறந்து கையெழுத்துப் போட வேண்டும். மனம் திறந்திருக்க வேண்டும் என்று திருச்சபை சொல்வது இந்தக் கையெழுத்தைத்தான், கண்ணீரையும் மெய்சிலிர்ப்பையும் அல்ல. தூக்கக் கலக்கத்தோடு காலைப் பூசைக்கு வந்து நிற்கும் அம்மாவின் கையெழுத்து செல்லும்.

இதன் மறுபக்கத் தப்பு மூடநம்பிக்கை. உள்மனம் எதுவும் இல்லாமல், வெளிச்செயலைச் செய்ததாலேயே பலன் வரும் என்று நினைப்பதைத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் அந்தப் பெயரால்தான் அழைக்கிறது. "இந்தச் செபத்தைப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கெட்டது நடக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதைத் தயங்காமல் அழிக்கலாம். மாதா கோபிக்க மாட்டார்.

## சிபாரிசுக் கடிதமா?

புனிதர்களிடம் கேட்பதைப் பற்றி இரண்டு தரப்பிலும் தவறான பேச்சு உண்டு. "நீங்க மரியாளைக் கும்பிடுறீங்க" என்று வெளியே இருப்பவர்கள் சொல்வார்கள். "இயேசு கண்டிப்பானவர், மாதா சொன்னா கேப்பார்" என்று உள்ளே இருப்பவர்களே சொல்வார்கள். இரண்டாவது இன்னும் மோசம். எம்.எல்.ஏ.விடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு மனமில்லாத அதிகாரியைப் பார்க்கப் போகிற மாதிரி கடவுளை ஆக்கிவிடுகிறது அது.

ஆராதனை கடவுளுக்கு மட்டும். புனிதர்களுக்குச் செய்வது வணக்கம். 787இல் இரண்டாம் நிசேயா பொதுச்சங்கமே இந்த வேறுபாட்டை வைத்துப் பேசியது. அதெல்லாம் வேண்டாம், நம் மன்றாட்டு மாலையின் வினைச்சொல்லைப் பார்த்தாலே போதும். கடவுளிடம் "எங்கள்மேல் இரக்கமாயிரும்" என்கிறோம். மரியாவிடம், அந்தோணியாரிடம், சவேரியாரிடம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்கிறோம். வரிக்கு வரி வேறுபாடு காப்பாற்றப்படுகிறது. இப்படி ஒருவர் மற்றவருக்காகக் கடவுளிடம் வேண்டுவதற்குப் பெயர் பரிந்துரை. நாளைக்கு ஆபரேஷன் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் "எனக்காக வேண்டிக்கோங்க" என்கிறோம் அல்லவா, அதுதான். கானா ஊர்க் கல்யாணத்தில் திராட்சை இரசம் தீர்ந்தபோது மரியா செய்ததும் இரண்டே வேலை: இல்லாததை மகனிடம் சொன்னார், பிறகு பணியாளர்களிடம், அவர் சொல்வதைச் செய்யுங்கள் என்றார்.

## நேர்த்திக்கடன் கடன்தானா?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பயம் அதிகம் தங்கியிருக்கும் இடம் இதுதான்.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருவிழா வரை, காவி உடுத்தி நடந்து வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மொட்டை, மெழுகுவர்த்தி, தென்னங்கன்று, தொட்டில், வெள்ளியில் செய்த கண்ணும் காலும். அங்குள்ள காணிக்கைக் காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் ஒரு வீட்டின் கதை இருக்கிறது. இதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. வாயால் சொல்ல வராத நன்றியைக் கால் நடந்து சொல்கிறது.

ஆனால் "நேந்துக்கிட்டதைச் செய்யலைன்னா குத்தம் ஆயிடும்" என்ற பயம் திருச்சபையின் போதனை இல்லை. திருச்சபைச் சட்டம் நேர்ச்சையை இப்படி வரையறுக்கிறது: செய்யக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைப் பற்றி, தெரிந்தும் சுதந்திரமாகவும் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. அதில் ஒவ்வொரு சொல்லும் முக்கியம். செய்ய முடியாதது நேர்ச்சை ஆகாது. அநியாயமான கடும் அச்சத்தால் செய்தது செல்லாது. புனிதர்களின் பெயர் சொல்லி நேர்ந்தாலும் வாக்கு போய்ச் சேருவது கடவுளிடம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1193ஆம் சட்டப்படி, நேர்ச்சை அதன் இயல்பிலேயே அதைச் செய்தவரை மட்டும்தான் கட்டும். "பையன் பொழைச்சா அவனை வேளாங்கண்ணிக்கு நடக்க வைக்கிறேன்" என்று அம்மா நேர்ந்திருந்தால், பையனுக்கு அது கடமை இல்லை. அம்மாவின் அன்புக்காக அவன் நடக்கலாம், அது வேறு. பாட்டி செய்யாமல் விட்ட நேர்ச்சையால்தான் பேத்திக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மூட்டு தேய்ந்துபோய், முழங்காலில் நகர்ந்து வருவதாக நேர்ந்ததை இப்போது செய்ய முடியவில்லையா? அதே அளவு நன்மையாகவோ அதைவிட மேலானதாகவோ நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. நியாயமான காரணம் இருந்தால் பங்குத்தந்தையே விலக்கு அளிக்கலாம். ஒரு பத்து நிமிடம் போய்ப் பேசினால் முடிகிற விஷயத்துக்கு இருபது வருடம் பயந்துகொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். பூசைக் காணிக்கையும் இப்படித்தான். அது பூசையின் விலை இல்லை. வியாபாரத்தின் சாயல்கூட விழக்கூடாது என்கிறது 947ஆம் சட்டம்.

ஆக, பரிந்துரை உடன்பிறந்தோரின் வேண்டுதல். நேர்ச்சை நன்றியும் வாக்கும். இரண்டிலும் பேரம் கிடையாது.

## கேட்டது கிடைக்காதபோது

பையனின் கேள்விக்கு வருவோம். கேட்டும் கிடைக்காதவர்களின் பட்டியலில் முதல் பெயர் இயேசுதான். கெத்சமனித் தோட்டத்தில் இந்தத் துன்பக் கிண்ணத்தை அகற்றும் என்று கேட்டார். அகலவில்லை. பவுல் தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்டதாக எழுதுகிறார். எடுக்கப்படவில்லை. இவர்களுக்கு நம்பிக்கை குறைவு என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

திருப்பாடல்களில் புலம்பல்கள் நிறைய. "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தொடங்கும் 22ஆம் திருப்பாடலைத்தான் இயேசு சிலுவையில் சொன்னார். ஏன் என்று கேட்பது நம்பிக்கை இழந்ததன் அடையாளம் இல்லை. யாரும் இல்லாத அறையில் நின்று யாரும் சண்டை போடுவதில்லை.

பிறகு எதற்குச் செபம்? கடவுளின் மனதை மாற்றவா? இல்லை என்கிறார் தோமா அக்குவினா. சில நன்மைகள் செபத்தின் வழியாகவே வரவேண்டும் என்பதும் கடவுளின் திட்டத்தில் ஒரு பகுதி. அதில் நம் பங்கைச் செய்யத்தான் கேட்கிறோம். விளைச்சலைக் கடவுள் தருவார் என்பதால் யாரும் உழாமல் இருப்பதில்லையே.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு ஒரு மனிதரையே காட்டலாம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டபிள்ளை, மார்த்தாண்டவர்மாவின் ஆட்சியில் திருவிதாங்கூர் அலுவலர். வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து நொந்திருந்தபோது, 1741 குளச்சல் போரில் சிறைபட்டு அரசரின் படையில் பணிக்குச் சேர்ந்திருந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய், அவருக்கு விவிலியத்தின் யோபு கதையைச் சொன்னார் என்பது வரலாறு. எல்லாம் இழந்தும் கடவுளோடு வாதாடிக்கொண்டே அவரை விடாத மனிதரின் கதை. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். கடவுளின் உதவி என்று பொருள்.

அந்தப் பெயரோடு அவருக்கு நடந்தது என்ன? 1749இல் கைது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். மூன்று வருடம் அடியும் சிறையும். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கடையில் காசு போட்டுப் பண்டம் வாங்கும் கணக்கில் பார்த்தால், வடக்கன்குளத்தில் அவர் எடுத்தது படு நஷ்டமான முடிவு. கோட்டாறு சவேரியார் கோவிலில் அவர் கல்லறை முன் நின்று மன்றாடுபவர்கள், அந்தக் கணக்கு பலிக்காத ஒருவரிடம்தான் வேண்டிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

## ஆஸ்பத்திரியும் எண்ணெயும்

"கடவுளை நம்பினா மருந்து எதுக்கு?" என்ற பேச்சுக்குக் கத்தோலிக்க விவிலியத்திலேயே பதில் உண்டு. சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம், நோயில் ஆண்டவரிடம் மன்றாடச் சொல்லிவிட்டு, மருத்துவருக்கும் இடம் கொடு, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்கிறது.

இதோடு ஒட்டிய ஒரு தவறான பயம், நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளமான நோயில்பூசுதல் பற்றியது. பழைய பேச்சில் 'அவஸ்தைப் பூசுதல்' என்பார்கள். சாமியார் எண்ணெயோடு வந்தாலே நோயாளி போய்விடுவார் என்று நினைத்து, நினைவு தப்பும்வரை கூப்பிடாமல் இருப்பார்கள். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமானது அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பெரிய ஆபரேஷனுக்கு முந்தின நாளே கேட்கலாம். முதுமையில் உடல் தளர்ந்தவர்களும் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். நோயாளி விழித்திருந்து, தானே "ஆமென்" சொல்லும் நிலையில் இருக்கும்போதே பங்கு அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.